மழைமேகமும் கணிமேகமும்

சென்னை மாநகரின் தென்புறத்தே அமைந்த தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் தொன்றுதொட்டு ஏரிகளால் வாழ்ந்தவை. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கங்கரணை என ஊர்தோறும் ஓர் ஏரி உண்டு. இவ்வேரிகள் தனித்தனியே கிடப்பன அல்ல. மேட்டு நிலத்து ஏரி நிறைந்ததும் அதன் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து, அடுத்த ஏரியை அடையும். சிட்லபாக்கத்து நீர் செம்பாக்கத்திற்கும், செம்பாக்கத்து நீர் நன்மங்கலத்திற்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளுக்கும் சென்று, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தங்கும். அங்கும் மிஞ்சிய நீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் வழியே கோவளத்துக் கழிமுகத்தை அடைந்து கடலோடு கலக்கும். சங்கிலியின் கண்ணிகள் போல ஒன்றையொன்று பற்றி நிற்கும் இவ்வேரிகள், மழைநீரைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் பெருங்கூட்டுக் குடும்பம் எனலாம்.

தாம்பரத்தின் மேற்கே நிலைமை வேறு. ஆதனூர் ஏரியில் தோன்றும் அடையாறு, மண்ணிவாக்கம், வரதராசபுரம், முடிச்சூர் ஆகிய ஊர்களின் பக்கமாக வருகின்றது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் மிகுநீர் அதனோடு சேர்கின்றது. பின்னர் மீனம்பாக்கம், சைதாப்பேட்டை வழியே சென்று அவ்வாறு கடலில் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியும் மெலிந்து கிடக்கும் இவ்வாறு, ஐப்பசி கார்த்திகைத் திங்களில் என்ன செய்யும் என்பதை ஊரார் மறப்பது எளிது. மறந்தவர்க்கு அஃது ஒருநாள் நினைவூட்டியது.

2015-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெய்த பெருமழையால் ஏரிகள் யாவும் நிறைந்திருந்தன. அந்நிலையில் டிசம்பர் 1-ஆம் நாள் மழை மீண்டும் வலுத்தது. மறுநாட் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29 எனப் பதிவான அளவுகள் வேறுபட்டன. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தின்மேல் 49 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்நீர் 49 கோடி லிட்டர் ஆகும். நிறைந்த ஏரிகள் இதனை எங்ஙனம் தாங்கும்? கலங்கல்கள் யாவும் ஒருங்கே வழிந்தன. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கின. மக்கள் மாடிகளில் ஏறி நின்று படகை எதிர்நோக்கினர். விமான நிலையம் மூடப்பட்டது. 1878-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு, தன் வரலாற்றில் முதன்முறையாக, டிசம்பர் 2-ஆம் நாள் வெளிவரவில்லை. மறைமலைநகரில் உள்ள அச்சகத்திற்குத் தொழிலாளர் செல்ல இயலாமற் போனதே அதற்குக் காரணம்.

அன்றிரவு மக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட வினா ஒன்றே: “நீர் நம் தெருவிற்கு வருமா? வருமெனின் எப்பொழுது வரும்? எத்தனை அடி நிற்கும்?” பெருமழை பெய்யும் என்று சொல்லுதல் ஒன்று, இன்ன தெருவில் இன்ன நேரத்தில் இத்தனை அடி நீர் நிற்கும் என்று சொல்லுதல் மற்றொன்று. பின்னதனைக் கூறவல்ல முறை அன்று நகருக்கு வாய்க்கவில்லை. அதனைக் கூறுவதற்கு வேண்டுவது யாது? வேண்டுவது கணக்கு. அதுவும் சிறு கணக்கன்று, பெருங்கணக்கு.

அதன் பெருமையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு வட்டாரத்தில் தாமே இயங்கும் மழைமானிகள் ஆயிரம் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் கால்மணிக்கு ஒருமுறை தன் அளவை அனுப்புமாயின், ஒரு மானியிலிருந்து நாளொன்றுக்கு 96 அளவுகள் வரும். ஆயிரம் மானிகளிலிருந்து 96,000 அளவுகள் வரும். ஓராண்டில் அவை 3 கோடியே 50 இலட்சத்து 40 ஆயிரம் ஆகும். ஒருவர் ஊணும் உறக்கமும் இன்றி நொடிக்கு ஓர் அளவாகப் படித்துவரினும், அவற்றைப் படித்து முடிக்க 405 நாட்களுக்கு மேல் ஆகும். ஓராண்டின் கணக்கைப் படிப்பதற்கே ஓராண்டு போதாது! ஏரிகளின் நீர்மட்டம், ஆற்றின் ஓட்டம், நிலத்தின் மேடுபள்ளம், கடலின் ஏற்றவற்றம் ஆகியவற்றையும் சேர்த்தால் கணக்கு மேலும் பன்மடங்கு பெருகும். இங்ஙனம் குவியும் செய்திகளையே தரவு என்று வழங்குகின்றோம்.

இத்தகைய கணக்கை முதன்முதலில் கையாற் போட முயன்றவர் ஆங்கிலேய அறிஞர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் ஆவார். அவர் முதல் உலகப்போரின்போது பிரான்சு நாட்டில், காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநராய்த் தொண்டாற்றினார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம், 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாளின் வானிலை ஆறு மணி நேரத்தில் எங்ஙனம் மாறியிருத்தல் வேண்டும் என்று கணக்கிட்டார். அவ்வாறு மணி நேரக் கணக்கிற்கு அவருக்கு ஆறு வாரங்கள் ஆயின. விடையும் பெரிதும் பிழைபட்டது. கையெழுத்துப்படியும் போர்க்களத்தில் காணாமற்போய், பின்னர் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிற் கிடைத்தது. ஆயினும் அவர் சோர்ந்திலர். 1922-இல் தம் நூலை வெளியிட்டபோது, தம் பிழையையும் மறையாது எழுதினார்.

அந்நூலில் அவர் ஒரு கனவையும் தீட்டினார். நாடக அரங்கு போன்ற ஒரு பெருமண்டபம். அதன் சுவரெங்கும் உலகப் படம். 64,000 மனிதர்கள் தத்தம் நிலப்பகுதிக்கு உரிய கணக்கை மட்டும் போடுகின்றனர். போட்ட விடையை அண்டையில் இருப்போர்க்கு உடனுக்குடன் காட்டுகின்றனர். நடுவில் ஒரு மேடைமேல் நிற்கும் தலைவர், விரைந்து செல்வோர்மேல் ஒரு நிற ஒளியும் பிந்தி நிற்போர்மேல் வேறு நிற ஒளியும் பாய்ச்சி, யாவரையும் ஒருபடித்தாக நடத்துகின்றார். ஒருவரால் இயலாத கணக்கைப் பலர் பங்கிட்டால் இயலும் என்பதே அவர் கண்ட உண்மை. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எனியாக் என்னும் கணிப்பொறி 24 மணி நேர வானிலையைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் எடுத்துக்கொண்டது. வானிலை நடக்கும் வேகத்திலேயே கணக்கும் நடந்தது! முந்திச் செல்லாத கணக்கு முன்னறிவிப்பு ஆகாதன்றோ?

பணியைப் பங்கிடும் இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைப் பற்றிக் கூறுகின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியம், பொன்னை மதிப்பிடப் பொன் வாரியம் எனப் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வாரியமும் தன் கடனைச் செய்தது. யாவும் ஊர்ச்சபைக்கு அடங்கி நின்றன. ‘ஊர் கூடித் தேர் இழு’ என்னும் பழமொழியும் இதனையே கூறும்.

இக்காலக் கணிப்பொறிகளும் ஊர் கூடியே தேர் இழுக்கின்றன. 2004-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைச் சார்ந்த ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் என்னும் இருவர் ‘மேப்ரெடியூஸ்’ என்னும் முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் வழிவந்த ‘ஹடூப்’ என்னும் மென்பொருளை யாவரும் விலையின்றிப் பெறலாம். அப்பெயர், அதனை ஆக்கியவருள் ஒருவருடைய மகனின் பொம்மை யானைக்கு உரியது. பெருஞ்சுமை தாங்கும் மென்பொருளுக்கு யானையின் பெயர் பொருந்துவதே.

அம்முறையை மழைக்கணக்கில் வைத்துக் காண்போம். ஒவ்வோர் ஏரியின் நீர்ப்பிடிப்பிலும் உள்ள மானிகள் ஓராண்டில் பதிந்த மழை எவ்வளவு என்பது வினா. மூன்றரைக் கோடி அளவுகளும் நூறு கட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, நூறு பொறிகளுக்குத் தரப்படுகின்றன. ஒவ்வொரு பொறியும் தன் கட்டை மட்டும் படித்து, ஏரியின் பெயரையும் மழையின் அளவையும் சிறு சிறு சீட்டுகளாக எழுதுகின்றது. பின்னர்ச் செம்பாக்கத்துச் சீட்டுகள் யாவும் ஒரு பொறிக்கும், மாடம்பாக்கத்துச் சீட்டுகள் யாவும் மற்றொரு பொறிக்குமாகச் சேர்க்கப்படுகின்றன. அவை கூட்டி விடை தருகின்றன. இடையில் ஒரு பொறி பழுதுபட்டால் வேலை நின்றுவிடாது. ஒவ்வொரு கட்டிற்கும் வெவ்வேறு பொறிகளில் பெரும்பாலும் மூன்று படிகள் வைக்கப்பட்டிருக்கும். ஆதலின் பழுதுபட்ட பொறியின் பங்கை வேறொன்று எடுத்துக்கொள்ளும்.

நூறு பொறிகளுக்கு எங்கே போவது என்னும் ஐயம் எழலாம். ஆண்டிற்குச் சில நாள் மட்டும் வேண்டப்படும் பொறிகளை ஒவ்வோர் அலுவலகமும் விலைகொடுத்து வாங்கி வைத்தல் வீண் செலவாகும். வீட்டில் திருமணம் வந்தால் பெரிய அண்டாக்களை வாடகைக்கு எடுக்கின்றோம். திருமணம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றோம். அதுபோலவே கணிப்பொறிகளின் ஆற்றலை வேண்டும்போது, வேண்டும் அளவு, வாடகைக்குப் பெறும் ஏற்பாடே மேகக் கணிமை என்பது. அலுவலகங்களில் அதனைக் கிளவுட் என்றும் வழங்குவர். பொறியாளர்கள் வரைபடம் வரையும்போது, தொலைவில் உள்ள கணிப்பொறி வலையை ஒரு மேகம் போல வரைந்து காட்டுவது வழக்கம். அதுவே பெயராயிற்று. 2006-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் இவ்வாடகை முறையைப் பெருமளவில் தொடங்கியது. இந்திய அரசு 2014-இல் தன் துறைகளுக்கென அமைத்த மேகக் கணிமைக்கு ‘மேகராஜ்’ என்று பெயரிட்டது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில், அப்பெருவெள்ளத்திற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களில் தன் தரவு மையங்களைத் திறந்தது. இன்று தென்சென்னையின் எல்லையில் உள்ள சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. மேகம் என்ற பெயரால் மயங்குதல் கூடாது. கணிமேகமும் நிலத்தின்மேல் நிற்கும் கட்டடமே. அதற்கும் மின்சாரம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், வெள்ளம் எட்டாத மேடும் வேண்டும்.

தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் பொறியாளர் இதனை எங்ஙனம் பயன்கொள்கின்றார்? முதலில் தரவுகளைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் ஏற்றுகின்றார். பின்னர்க் கணக்கிடும் முறையை நிரலாக எழுதுகின்றார். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்றவாறு, சிறு பகுதியை மட்டும் கொடுத்து நிரலைச் சோதிக்கின்றார். சரியெனக் கண்டபின் நூறு பொறிகளை வேண்டுகின்றார். சில நிமிடங்களில் அவை அவருக்குப் பணிசெய்ய ஆயத்தமாகின்றன. ஒரு பொறியை நூறு மணி நேரம் அமர்த்துவதற்கும் நூறு பொறிகளை ஒரு மணி நேரம் அமர்த்துவதற்கும் வாடகை ஏறத்தாழ ஒன்றே. ஆயின், முன்னது நான்கு நாட்களுக்கு மேல் எடுக்கும் வேலையைப் பின்னது ஏறத்தாழ ஒரு மணியில் முடித்துவிடும். வெள்ளம் வரும் வேளையில் இவ்வேறுபாடு உயிர்களின் வேறுபாடாகும். வேலை முடிந்ததும் பொறிகளை விடுவித்தல் அவர் கடமை. மறந்தால், அடைக்க மறந்த மதகின் வழியே ஏரிநீர் போவதுபோல, அலுவலகத்தின் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

எல்லாக் கணக்கும் பங்கிடத்தக்கதன்று என்பதும் அறியத்தக்கது. மழையளவைக் கூட்டுதல் எளிதிற் பங்கிடத்தக்க பணி. வெள்ளம் செல்லும் வழியைக் கணித்தல் அத்தகையதன்று. செம்பாக்கம் எவ்வளவு வழியும் என்று தெரிந்தாலன்றி நன்மங்கலம் எவ்வளவு வழியும் என்று கூற இயலாது. மேலேரியின் விடைக்காகக் கீழேரியின் பொறி காத்திருத்தல் வேண்டும். ரிச்சர்ட்சனின் மண்டபத்தில் ஒவ்வொருவரும் அண்டை வீட்டார்க்கு விடையைக் காட்டியது இதன் பொருட்டே. பொறிகளைப் பெருக்குவதால் மட்டும் விரைவு பெருகிவிடாது. அவை தம்முள் பேசிக்கொள்ளும் நேரமும் கணக்கிற் சேரும்.

இவ்விடரை வெல்ல அறிஞர்கள் ஒரு வழி கண்டனர். பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் உள்ளது. 2015 வெள்ளத்திற்குப் பின், பம்பாய், சென்னை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து, ‘சி-ஃப்ளோஸ்’ என்னும் வெள்ள எச்சரிக்கை முறையை உருவாக்கின. 2019-இல் அது வெளியிடப்பெற்றது. மழை வந்தபின் கணக்கிடத் தொடங்கினால் நேரம் போதாது என்பதால், மழை இவ்வளவு, நீர்மட்டம் இவ்வளவு, கடல் ஏற்றம் இவ்வளவு எனப் பலவாறு கற்பித்து, 796 வெள்ளநிலைகளை முன்னரே கணித்து அடுக்கி வைத்தனர். மழை அறிவிப்பு வந்ததும், அதனோடு பொருந்தும் நிலையை எடுத்துக் காட்டுதலே அம்முறை. பொறிகள் சொந்தமாயினும் வாடகையாயினும் இவ்வழி பொருந்தும். ‘வெள்ளம் வருமுன் அணை கோலு’ என்னும் முன்னோர் மொழி கணக்கிற்கும் ஏற்றதே.

மக்களே தரவு தந்த நிகழ்ச்சியும் உண்டு. 2015 வெள்ளத்தின்போது, யாவரும் திருத்தத்தக்க ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் பொதுப்படத்தை அடியாகக் கொண்டு, நீர் சூழ்ந்த தெருக்களை மக்கள் தாமே இணையத்திற் குறித்தனர். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. அப்படம் தொலைவிலுள்ள கணிப்பொறிகளில் இருந்தமையால், நகரம் நீரில் நின்றபோதும் படம் நனையவில்லை. வழி தேடியவர்க்கு அஃது உதவியது.

இனி, யாவற்றினும் முதன்மையான ஒன்று உளது. பொறி தனக்குத் தரப்பட்டதையே கணக்கிடும். பெருவெள்ளத்தில் ஒரு மழைமானி மூழ்கிவிட்டது எனக் கொள்வோம். அதிலிருந்து அளவு வரவில்லை. நிரலை எழுதியவர் அவ்வெற்றிடத்தைச் சுழியம் என்று எண்ணுமாறு விட்டிருந்தால், மிகுதியாக மழை பெய்த இடத்தில் மழையே இல்லை என்று பொறி கூறிவிடும். மூன்று மானிகளில் ஒன்று 40, மற்றொன்று 44 சென்டிமீட்டர் காட்ட, மூன்றாவது மூழ்கிப்போயின், இரண்டின் சராசரி 42. மூழ்கியதைச் சுழியமாகக் கொண்டால் சராசரி 28 ஆகிவிடும். 42-க்குத் திறக்க வேண்டிய மதகை 28-ஐ நம்பித் திறவாது விட்டால் விளைவது யாது? ‘மழை இல்லை’ என்பது வேறு. ‘மழை எவ்வளவென்று தெரியவில்லை’ என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் பொறியின் வேலையன்று, மனிதனின் வேலை. ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது நிரலுக்குப் போதும், தரவிற்குப் போதாது. மூன்றரைக் கோடி அளவுகளுள் ஊறு விளைக்கும் ஒன்று எங்கே கிடக்கின்றது என்பதையும் தேடவேண்டும்.

முற்காலத்தில் ஏரிக்கரையில் நீர்க்கட்டி என்னும் பணியாளர் இருந்தார். அவர் நள்ளிரவிலும் மழையிலும் கரைமேல் நடந்து, மதகையும் கலங்கலையும் நேரிற் கண்டார். காணாததைக் கண்டதாகக் கூறின் ஊர் அழியும் என்பதை அவர் அறிவார். இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து, பல கோடி அளவுகளை ஒரு மணி நேரத்திற் கணக்கிடும் பொறியாளரும் நீர்க்கட்டியின் வழித்தோன்றலே. கருவி மாறியது, கடமை மாறவில்லை.

அவர் கண்டறிந்த விடையும் தக்க நேரத்தில் தக்கவரைச் சேர்தல் வேண்டும். சேர்ந்தபின் அதன்படி நடத்தலும் வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி முதலிய இடங்கள் மீண்டும் நீரில் நின்றன. சதுப்பு நிலத்தைத் தூர்த்தும் வாய்க்காலை அடைத்தும் வீடுகளைக் கட்டிவிட்டு, நீர் எங்கே நிற்கும் என்று கணிமேகத்தை வினவுவதால் மட்டும் நீர் வடிந்துவிடாது. நீரின் வழியைக் கணிப்பது அறிவு. அவ்வழியை நீருக்கே விட்டுவைப்பது அறம்.

மழைமேகம் எவரையும் கேளாது பெய்யும். கணிமேகமோ நாம் கேட்டதற்கு மட்டும் விடை கூறும். ஆதலின் சரியாகக் கேட்கவும், உண்மையான அளவையே கொடுக்கவும், வந்த விடையை ஆராய்ந்து கொள்ளவும் கற்றல் வேண்டும். பலர் பங்கிட்டுச் செய்யும் பெருங்கணக்கில் ஒருவரின் சிறு நேர்மையும் ஓர் ஊரைக் காக்கும்.

பயிற்சி

1. தாம்பரத்தின் கிழக்கிலுள்ள ஏரிகளின் மிகுநீர் கடலைச் சேரும் வழியை வரிசைப்படுத்தி எழுதுக.
2. ரிச்சர்ட்சன் தம் நூலில் தீட்டிய மண்டபத்தை வருணித்து, அது விளக்கும் உண்மையைக் கூறுக.
3. பெருங்கணக்கைப் பல பொறிகள் பங்கிட்டுச் செய்யும் முறையை மழைக்கணக்கைக் கொண்டு விளக்குக.
4. வெள்ளம் செல்லும் வழியைக் கணித்தல் மழையளவைக் கூட்டுதல் போல எளிதிற் பங்கிடத்தக்கதன்று, ஏன்?
5. ‘மழை இல்லை’ என்பதற்கும் ‘மழை எவ்வளவென்று தெரியவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
6. உங்கள் ஊரின் ஏரி நிறைந்தால் நீர் எவ்வழியே செல்லும் என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து படம் வரைக.